சுவிசேஷகரை வசூல்காரர் ஆக்காதீர்கள்: திருமண்டல நிர்வாகக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய திருமண்டல நிர்வாகக் குழுவினருக்கு,

பேராயரின் கீழ் இயங்கும் நம் திருமண்டலத்தின் சேகரங்களுக்கு, அதாவது ஒரு குருவின் பொறுப்பில் உள்ள சபைத் தொகுதிகளுக்கு, கடந்த மாதம் நீங்கள் அனுப்பிய சுற்றறிக்கை எங்கள் ஆலயத்தில் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் வாசிக்கப்பட்டது. 50 குடும்பங்களுக்குக் குறைவான சபைகளில் உபதேசியார், அதாவது ஊரிலேயே இருந்து ஜெபம் நடத்தி வீடுகளைச் சந்திக்கும் குருவல்லாத ஊழியர், ஓய்வு பெற்றால் அந்த இடம் இனி நிரப்பப்படாது என்று அது சொல்கிறது. இப்போது பணியில் இருக்கும் உபதேசியார்கள் 'சேகரச் சுவிசேஷகர்' (சுவிசேஷகர் என்றால் நற்செய்தியை அறிவிப்பவர்) என்று பெயர் மாற்றப்பட்டு, மூன்று நான்கு சபைகளுக்குப் பொதுவாக வைக்கப்படுவார்கள். சபையார் கட்டும் சந்தா, சங்கக் காணிக்கை, பண்டிகைக் காணிக்கை ஆகியவற்றை வசூலிப்பது அவர்களுடைய முதல் பொறுப்பு. வசூல் குறைந்தால் அவர்களுடைய ஊதியப் படியும் குறையும். சுவிசேஷ நிதிக்கென்று சபைகள் அனுப்பும் பணம் ஆண்டுக்கு இரண்டு பெரிய கன்வென்ஷன் என்னும் பொது நற்செய்திக் கூட்டங்களுக்குச் செலவிடப்படும்.

இந்த முடிவை என்னால் ஏற்க முடியவில்லை. சுற்றறிக்கையின் முதல் வரியிலேயே எபேசியர் 4:11ஐ ஆதாரமாகக் காட்டியிருக்கிறீர்கள். ஆகவே வேதத்திலிருந்தும், ஆதிச்சபையின் எழுத்துகளிலிருந்தும், எங்கள் ஊரில் நடந்தவற்றிலிருந்துமே பதில் சொல்கிறேன்.

அந்த வசனம் கிறிஸ்து தம் சபைக்குக் கொடுத்தவர்களை வரிசைப்படுத்துகிறது: அப்போஸ்தலர், தீர்க்கதரிசிகள், சுவிசேஷகர், மேய்ப்பர், போதகர். ஆனால் வாக்கியம் அங்கே முடியவில்லை. பரிசுத்தவான்கள் சீர்பொருந்தவும், ஊழியத்தின் வேலை நடக்கவும், சபை பக்திவிருத்தி அடையவும் இவர்கள் கொடுக்கப்பட்டார்கள் என்று அடுத்த வசனம் தொடர்கிறது. சுவிசேஷகர் இருப்பதன் நோக்கத்தைப் பவுல் தாமே எழுதி வைத்திருக்கும்போது, அந்த நோக்கத்தை விட்டுவிட்டுப் பெயரை மட்டும் எடுத்து வசூல் பணிக்குச் சூட்டியிருக்கிறீர்கள்.

புதிய ஏற்பாடு ஒருவரைப் பெயர் சொல்லிச் சுவிசேஷகர் என்று அழைப்பது ஒரே ஒரு முறைதான். அப்போஸ்தலர் 21:8இல் வரும் பிலிப்பு அவர். சுவிசேஷகரின் கடமை எது என்று தெரிய வேண்டுமானால் நாம் முதலில் போய் நிற்க வேண்டிய இடம் அவருடைய வாழ்க்கைதான். எங்கள் சேகரக் கூட்டத்துக்கு இந்தச் சுற்றறிக்கையை விளக்க வந்த உங்கள் உறுப்பினரும் அவரையே துணைக்கு அழைத்தார். "பிலிப்பே பந்தி விசாரித்தவர்தானே, சுவிசேஷகர் பணப்பொறுப்பைக் கவனித்தால் என்ன தவறு?" என்று கேட்டார். கூட்டத்தில் யாரும் பதில் சொல்லவில்லை. நான் இப்போது சொல்கிறேன்.

அப்போஸ்தலர் 6ஆம் அதிகாரத்தில் எருசலேம் சபையில் ஒரு முறுமுறுப்பு எழுகிறது. அன்றாட விசாரணையில் கிரேக்க மொழி பேசும் யூதரின் விதவைகள் திட்டமாய் விசாரிக்கப்படவில்லை என்பதே குறை. அதைச் சரிசெய்ய ஏழு பேர் தெரிந்துகொள்ளப்பட்டார்கள். ஸ்தேவான் முதல்வர், பிலிப்பு இரண்டாமவர். பிலிப்பு அந்தப் பந்தியில் நின்றது விதவைகளுக்குக் கொடுப்பதற்காக. அவர்களிடம் வாங்குவதற்காக அவரை யாரும் நிறுத்தவில்லை.

இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. புதிய முறை எழுத்தில் வருவதற்கு முன்பே எங்கள் சேகரத்தில் நடைமுறைக்கு வந்துவிட்டது. இந்த ஆண்டின் தொடக்கத்தில் எங்கள் தெருவில் ஒரு முதியவர் இறந்தார். அவருடைய மனைவிக்கு எழுபது வயதைத் தாண்டியிருக்கும். பீடி சுற்றிப் பிழைத்த குடும்பம். சந்தா பல ஆண்டுகளாகப் பாக்கி. பாக்கி கட்டினால்தான் கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்ட அனுமதிச் சீட்டு என்று சேகரத்திலிருந்து சொல்லப்பட்டது. அதைப் போய்ச் சொல்லும்படி அனுப்பப்பட்டவர் எங்கள் உபதேசியார். உடல் வீட்டில் கிடக்க, இத்தனை ஆண்டுகள் அந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஜெபித்தவர், அதே திண்ணையில் ரசீதுப் புத்தகத்தோடு உட்கார வேண்டியதாயிற்று. தெருவில் நான்கு வீட்டார் பணம் சேர்த்துக் கட்டினோம். அடக்கம் நடந்தது. அந்த அம்மா அதற்குப் பிறகு ஆலயத்துக்கு வருவதில்லை. அழைக்கப் போகும் துணிவு எங்கள் உபதேசியாருக்கு இல்லை. அவருக்கு அந்தத் துணிவு இல்லாமல் போனதற்கு அவர் பொறுப்பல்ல. அவரிடம் ரசீதுப் புத்தகத்தைக் கொடுத்தவர்கள் பொறுப்பு.

விதவைகள் விசாரிக்கப்படவில்லை என்ற முறையீட்டிலிருந்து பிறந்த ஊழியத்தை, விதவையிடம் பாக்கி கேட்கும் ஊழியமாக மாற்றுவதற்கு பிலிப்பின் பெயரைத் தயவுசெய்து பயன்படுத்தாதீர்கள்.

பிலிப்பின் கதை மேலே போகிறது. ஸ்தேவான் கல்லெறிந்து கொல்லப்பட்டபின் சபை சிதறுகிறது. பிலிப்பு சமாரியாவுக்குப் போகிறார். யூதர்கள் சம்பந்தம் கலவாத மக்கள் அவர்கள் என்பது உங்களுக்குத் தெரியும். எருசலேமிலிருந்து எவரும் அவரை அங்கே நியமித்ததாக அப்போஸ்தலர் நூலை எழுதிய லூக்கா சொல்லவில்லை. அவர் போனார், பேசினார், அந்தப் பட்டணத்திலே மிகுந்த சந்தோஷம் உண்டாயிற்று. பின்பு பேதுருவும் யோவானும் வந்து கைகளை வைத்து ஜெபித்தார்கள்; பிலிப்பு அதைத் தம் எல்லைக்குள் நுழைவதாக எண்ணவில்லை. மேற்பார்வை வேண்டாம் என்று நானும் வாதாடவில்லை. உபதேசியார்கள் கணக்குக் கொடுக்க வேண்டியவர்களே. எதைப் பற்றிக் கணக்குக் கொடுப்பது என்பதில்தான் எனக்கும் உங்களுக்கும் வேறுபாடு.

அதே சமாரியாவில்தான் மாயவித்தைக்காரன் சீமோன் பணத்தைக் கொண்டுவந்து, பரிசுத்த ஆவியைத் தரும் அதிகாரத்தை விலைக்குக் கேட்டான். பேதுரு அவனைக் கடிந்துகொண்ட வார்த்தைகள் கடுமையானவை. வேதம் பெயர் சொல்லும் முதல் சுவிசேஷகரின் வயலிலேயே, ஊழியத்தின் அளவுகோலாகப் பணம் வர முயன்றபோது அது தள்ளிவிடப்பட்டது.

சமாரியாவில் ஊழியம் செழித்து நிற்கும் நேரத்தில், எருசலேமிலிருந்து காசாவுக்குப் போகும் வனாந்தர வழிக்குப் போ என்று பிலிப்புக்குக் கட்டளை வருகிறது. அங்கே இருந்தது ஒரே ஒரு மனிதர். எத்தியோப்பிய ராணி கந்தாகேயின் பொக்கிஷத்துக்குப் பொறுப்பான அண்ணகர், அதாவது ஆண்மை நீக்கப்பட்டவர். அண்ணகர் கர்த்தரின் சபைக்கு உட்படலாகாது என்று உபாகமம் 23:1 விலக்கி வைத்தவர்களில் ஒருவர். எருசலேமுக்குத் தொழுதுகொள்ளப் போய்த் திரும்பும் வழியில் ரதத்தில் உட்கார்ந்து ஏசாயாவை வாசித்துக்கொண்டிருந்தார். பிலிப்பு ஓடிச் சேர்கிறார். வாசிப்பதன் கருத்து தெரியுமா என்று கேட்கிறார். ஒருவர் விளக்காவிட்டால் எனக்கு எப்படித் தெரியும் என்கிறார் அந்த மந்திரி. ஏறி வந்து தம்மோடு உட்காரும்படி அவரே அழைக்கிறார். அதன் பிறகுதான் பிலிப்பு பேசத் தொடங்குகிறார், அதுவும் அந்த மனிதர் வாசித்துக்கொண்டிருந்த அதே வேத வாக்கியத்திலிருந்து.

ஒரு சுவிசேஷகரின் கடமைகள் இந்த ஒரு நிகழ்ச்சியில் அடங்கியிருக்கின்றன என்று நான் நம்புகிறேன். சபை போகாத வழியில் போவது, முதலில் கேட்பது, அழைத்தால் உட்காருவது, கேட்டவருடைய கேள்வியிலிருந்து தொடங்குவது, வேதத்தை விளக்குவது, விசுவாசித்தவருக்கு ஞானஸ்நானம் கொடுப்பது, பிறகு அவரை அவர் வழியே போகவிடுவது. அந்த மந்திரி சந்தோஷத்தோடே தம் வழியே போனார். பிலிப்பைப் பிறகு காணவில்லை. எந்தச் சபையின் பேரேட்டிலும் அவர் பெயர் ஏறியிருக்க வழியில்லை. உங்கள் சுற்றறிக்கையோடு இணைத்திருக்கும் மாதாந்திரப் படிவத்தில் 14 பத்திகள் இருக்கின்றன. அத்தனையும் வரவு பற்றியவை. காசா வழியில் பிலிப்பு செய்த வேலையை எழுத அதில் ஒரு பத்திகூட இல்லை.

எங்கள் ஊருக்கு வெளியே செங்கல் சூளைகள் இருக்கின்றன. வட மாநிலங்களிலிருந்து குடும்பத்தோடு வந்து ஆண்டில் பாதி நாள் தங்கி வேலை செய்கிறவர்கள் அங்கே இருக்கிறார்கள். எங்கள் ஊரில் முன்பு இருந்த உபதேசியார் மாலை நேரங்களில் சைக்கிளில் அங்கே போவார். ஒரு மரத்தடியில் பிள்ளைகளைக் கூட்டி எழுத்துச் சொல்லிக் கொடுப்பார். காய்ச்சல் கண்டவர்களை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போவார். பெரியவர்கள் கேட்டால் இயேசுவைப் பற்றிச் சொல்வார். கேளாதவர்களிடம் சொல்லமாட்டார். மதம் மாறச் சொல்லி எவரையும் நெருக்கியதில்லை; சூளைக்காரர்கள் அவரை நம்பியதற்கு அதுவே காரணம். விடுமுறை வேதாகமப் பள்ளிக்கு அந்தப் பிள்ளைகளை அழைத்து வந்து எங்கள் பிள்ளைகளோடு பாயில் உட்கார வைத்தவரும் அவர்தான். அந்த வகுப்புகளை எடுத்தவள் நான் என்பதால் இதை நேரில் பார்த்த சாட்சியாகச் சொல்கிறேன்.

அவர் ஓய்வு பெற்றார். இப்போது இருப்பவர் இளைஞர், மனதுள்ளவர், வேதத்தை நன்றாகக் கற்றவர். சூளைக்குப் போக அவரும் விரும்பினார். "அங்கே சந்தா இல்லையே, அந்த நேரத்தில் பாக்கி வீடுகளைப் பாருங்கள்" என்று அவரிடம் சொல்லப்பட்டது. இப்போது யாரும் போவதில்லை.

வேலையாளுக்குக் கூலி வேண்டாம் என்று யாரும் என்னைத் தவறாகப் புரிந்துகொள்ள வேண்டாம். சுவிசேஷத்தை அறிவிக்கிறவர்களுக்குச் சுவிசேஷத்தினாலே பிழைப்பு உண்டாக வேண்டும் என்று கர்த்தர் கட்டளையிட்டிருப்பதாக 1 கொரிந்தியர் 9:14 சொல்கிறது. யோவானின் மூன்றாம் நிருபம் இன்னும் தெளிவு. கர்த்தருடைய நாமத்தினிமித்தம் புறப்பட்டுப் போனவர்கள், யாரிடம் போனார்களோ அவர்களிடம் ஒன்றும் வாங்கவில்லை. ஆகவே அப்படிப்பட்டவர்களைச் சேர்த்துக்கொள்ள நாம் கடனாளிகள் என்கிறது. ஆதிச்சபையின் ஒழுங்கு இதுதான்: சுவிசேஷகரை அனுப்புகிற சபை தாங்கும், அவர் சந்திக்கிற வீட்டிலிருந்து அவருடைய பிழைப்பு வரக்கூடாது. படியை வசூலோடு முடிச்சுப் போடும் உங்கள் விதி இந்த ஒழுங்கை நேர் எதிராகத் திருப்புகிறது. வசதியுள்ள வீட்டுக்கு அடிக்கடி போகவும், ஏழை வீட்டைத் தவிர்க்கவும் அது உபதேசியாரைத் தள்ளுகிறது.

அப்போஸ்தலருக்கு அடுத்த தலைமுறையிலும் இதே கவலை இருந்தது. பன்னிரு அப்போஸ்தலரின் போதகம் என்று அழைக்கப்படும் டிடாக்கே ஒரு பழைய ஒழுங்கு நூல். நெடுங்காலம் கைக்கு எட்டாமல் இருந்து, 1873இல் கான்ஸ்டாண்டிநோபிளில் ஒரு கையெழுத்துப் படியில் கண்டெடுக்கப்பட்டது. ஊர் ஊராக வரும் ஊழியரைக் கர்த்தரைப்போல ஏற்றுக்கொள்ளுங்கள் என்று அது சொல்கிறது. உடனே எல்லையும் வகுக்கிறது. ஒரு நாள் தங்கலாம், தேவையானால் இரண்டாம் நாளும். மூன்று நாள் தங்கினால் அவன் கள்ளத் தீர்க்கதரிசி. புறப்படும்போது அடுத்த தங்குமிடம் சேரும்வரைக்கான அப்பம் மட்டும் எடுத்துக்கொள்ளலாம். பணம் கேட்டால் அவனும் கள்ளத் தீர்க்கதரிசி. உண்மையான போதகருக்கு உணவு உரியது என்றும், முதற்பலன்களைத் தீர்க்கதரிசிகளுக்குக் கொடுங்கள் என்றும், தீர்க்கதரிசி யாரும் உங்களிடம் இல்லையென்றால் ஏழைகளுக்குக் கொடுங்கள் என்றும் அதே நூல் சொல்கிறது. தாங்குவதும் சோதித்தறிவதும் சபையின் வேலையாக இருந்தன. வசூலிப்பதைச் சுவிசேஷகரின் வேலை என்று அந்த நூல் எங்குமே சொல்லவில்லை.

நான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் திருச்சபை வரலாறு எழுதிய எவுசேபியு, ரோமப் பேரரசர் திராயான் காலத்துச் சுவிசேஷகர்களைப் பற்றித் தம் மூன்றாம் நூலில் எழுதுகிறார். அவர்கள் தங்கள் உடைமைகளை ஏழைகளுக்குப் பகிர்ந்து கொடுத்தார்கள். ஊரை விட்டுப் புறப்பட்டு, விசுவாசத்தின் வார்த்தையைக் கேளாதவர்களிடம் போனார்கள். அங்கே அஸ்திபாரம் போட்டு, வேறு சிலரை மேய்ப்பர்களாக ஏற்படுத்தி, புதிதாய்ச் சேர்ந்தவர்களை அவர்களிடம் ஒப்படைத்துவிட்டு, அடுத்த நாட்டுக்கு நடந்தார்கள். அலெக்சாந்திரியாவில் ஆசிரியராக இருந்த பந்தேனு இந்தியாவுக்கே போனதாகவும் அவர் ஐந்தாம் நூலில் குறிப்பிடுகிறார். அவர் சொன்ன இந்தியா எந்த நிலம் என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஒரு புகழ்பெற்ற பள்ளியின் ஆசிரியர் அந்த இருக்கையை விட்டு அறியாத ஊருக்குப் போவதை ஆதிச்சபை பெருமையாக நினைத்தது என்பதே எனக்கு முக்கியம்.

இனி கன்வென்ஷன் கூட்டங்கள். நான் அவற்றுக்கு எதிரி அல்ல. சிறுவயதில் அங்கே கேட்ட பாடல்கள் இன்றும் என் நினைவில் இருக்கின்றன. ஆனால் சென்ற ஆண்டு நடந்த பெரிய கூட்டத்துக்கு நானும் போயிருந்தேன். மைதானத்தை நிரப்பியவர்கள் ஒவ்வொரு சேகரத்திலிருந்தும் வேன் பிடித்து வந்த நம் சபையாரே. சுவிசேஷத்தை ஒருபோதும் கேளாத ஒருவர் அங்கே இருந்தாரா என்று என்னால் சொல்ல முடியாது. இருந்திருந்தாலும் அவர் கேள்வி கேட்க அங்கே வழியில்லை. மேடையும் ஒலிபெருக்கியும் பெரிய திரையும் கேள்வியைக் கேட்பதற்கென்று வைக்கப்பட்டவை அல்ல. சபையாரை உற்சாகப்படுத்த ஒரு கூட்டம் வேண்டுமானால் நடத்துங்கள். அதற்குச் சுவிசேஷ நிதி என்று பெயரிட்டு ஏழைகள் போட்ட காணிக்கையை எடுக்காதீர்கள்.

சேகர குருவே இந்த வேலையையும் பார்த்துக்கொள்வார், தீமோத்தேயுவுக்குப் பவுல் அப்படித்தானே சொன்னார் என்றும் உங்கள் விளக்கத்தில் வந்தது. உண்மைதான். 'சுவிசேஷகனுடைய வேலையைச் செய்' என்று 2 தீமோத்தேயு 4:5 சொல்கிறது. எபேசு சபையை ஒழுங்குபடுத்த நிறுத்தப்பட்டிருந்த தீமோத்தேயுவைப் பார்த்துத்தான் பவுல் இதை எழுதினார். சபையின் உள்வேலையில் மூழ்கி வெளியே போவதை மறந்துவிடாதே என்பதற்காக. எங்கள் சேகர குருவுக்கு 11 சபைகள். ஒரு பள்ளியின் தாளாளர் பொறுப்பும் அவரிடமே. திருவிருந்துக்கு அவர் எங்களிடம் வருவது மாதத்தில் ஒரு ஞாயிறு. அவருடைய தோளில் இன்னொரு சுமையை வைப்பதற்கு அந்த வசனத்தை எடுப்பது நியாயமாக எனக்குத் தோன்றவில்லை.

நம் தென்மாவட்டச் சபைகள் எப்படி எழுந்தன என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. உபதேசியாராக இருந்த தாவீது சுந்தரானந்தம் தம் உறவினரிடம் திரும்பிப் போய்ப் பேசியதன் பலனாக 1799இல் முதலூர் என்ற கிறிஸ்தவ ஊர் உருவாயிற்று. 1903இல் திருநெல்வேலியார் இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கித் தங்கள் சொந்தப் பணத்தில் தெலுங்கு நாட்டுக்கு ஊழியர்களை அனுப்பினார்கள். கையில் பணம் மிகுந்திருந்த காலம் அல்ல அது.

திருமண்டலத்துக்குப் பணநெருக்கடி என்பதை நான் மறுக்கவில்லை. நெருக்கடி வரும்போது எதை முதலில் குறைக்கிறோம் என்பதில் ஒரு சபையின் மனம் தெரிகிறது. கட்டட வேலைகளும் வாகனங்களும் தேர்தல் செலவுகளும் அப்படியே இருக்க, சிறிய ஊரின் உபதேசியார்தான் முதலில் குறைக்கப்பட வேண்டியவரா? 50 குடும்பம் இல்லாத ஊருக்குத்தான் அவர் அதிகம் தேவை. பெரிய சபைக்குப் பாடகர் குழுவும் ஆசிரியர்களும் ஐக்கிய சங்கங்களும் இருக்கின்றன. எங்களுக்கு மணி அடிக்கவும், ஜெபம் நடத்தவும், நள்ளிரவில் மரண வீட்டுக்கு ஓடி வரவும் இருப்பவர் ஒருவர்தான்.

ஆகவே உங்களிடம் நான் கேட்பவை இவை.

சந்தா மற்றும் காணிக்கை வசூலை உபதேசியார்களிடமிருந்து எடுத்து, சபை மக்கள் தேர்ந்தெடுத்த சேகரக் கமிட்டி உறுப்பினர்களிடம் கொடுங்கள். படியை வசூலோடு இணைக்கும் விதியை முழுவதும் நீக்குங்கள். எல்லா உபதேசியாருக்கும் திருமண்டலப் பொது நிதியிலிருந்து ஒரே அளவான, காலம் தவறாத ஊதியம் கொடுங்கள்.

சந்தா பாக்கியைக் காரணம் காட்டி எந்த அடக்கத்தையும் தடுக்கக் கூடாது என்று எழுத்தில் ஓர் உத்தரவு பிறப்பியுங்கள். எங்கள் தெருவின் அந்த அம்மாவைச் சேகரக் கமிட்டியின் பொறுப்பாளர்கள் நேரில் சந்தித்து மன்னிப்புக் கேட்க ஏற்பாடு செய்யுங்கள்.

50 குடும்பம் என்ற வரம்பை விலக்கி, காலியான இடங்களை நிரப்புங்கள். சுவிசேஷ நிதியை இந்த ஊதியத்துக்கும், சபை இல்லாத இடங்களுக்குப் போகும் பயணத்துக்கும் ஒதுக்குங்கள். கன்வென்ஷன் கூட்டங்களுக்குத் தனிக் காணிக்கை திரட்டிக்கொள்ளலாம்.

மாதாந்திரப் படிவத்தை மாற்றுங்கள். எந்த ஊருக்குப் போனார், யாரைச் சந்தித்தார், என்ன கேட்டார்கள், யாருக்கு உதவி தேவை என்பவற்றை உபதேசியார் எழுதட்டும். அதைப் பேராயர் படிக்கட்டும்.

வேதாகமப் பெண் ஊழியர்களைப் பற்றிச் சுற்றறிக்கை ஒரு வரிகூடச் சொல்லவில்லை. செசரியாவில் பிலிப்பின் வீட்டில் தீர்க்கதரிசனம் சொல்லுகிற நான்கு குமாரத்திகள் இருந்ததை லூக்கா மறக்காமல் எழுதினார். அந்தப் பெண் ஊழியர்களின் பணியிடங்களும் ஊதியமும் என்ன ஆகும் என்பதைத் தெளிவாக அறிவியுங்கள்.

சபைகளின் பிரதிநிதிகள் கூடும் அடுத்த பெருமன்றக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இந்தச் சுற்றறிக்கையை மறுபரிசீலனைக்கு வையுங்கள். அதுவரை நிறுத்தி வைப்பதாக எல்லாச் சேகரங்களுக்கும் எழுதுங்கள். சிறிய சபைகளின் உபதேசியார்களையும் அங்கே பேச அழையுங்கள். பேசியதற்காக அவர்களில் எவரும் இடமாற்றம் செய்யப்படமாட்டார் என்ற உறுதியையும் சேர்த்துக் கொடுங்கள். உங்கள் பதில் எதுவானாலும், சுற்றறிக்கை வாசிக்கப்பட்ட அதே ஆலயங்களில் ஞாயிறு ஆராதனைக்குப் பின் சபையார் முன்னிலையில் அது வாசிக்கப்பட வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு கிராமச் சபையின் ஞாயிறு பள்ளி ஆசிரியை